ஏட்டுச் சுரைக்காய் ஆகிவிட்டதா சுற்றுச்சூழல் கல்வி?



தாம்பரம் பகுதியில் கல்லூரி இல்லாத திசை இல்லை. காலை வேளையில் சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம், செம்பாக்கம் பேருந்து நிறுத்தங்களில் நின்று பார்த்தால், தோளில் பையும் காதில் பாட்டுமாக நம் இளையோர் கூட்டம் கூட்டமாகக் கல்லூரிக்குப் புறப்படுவதைக் காணலாம். உயர்கல்வி பற்றிய 2021-22 ஆம் ஆண்டின் தேசியக் கணக்கெடுப்புப்படி, 18 முதல் 23 வயதுக்குட்பட்டோரில் கல்லூரிக்குச் செல்வோர் விகிதம் தமிழகத்தில் 47 விழுக்காடு. இந்திய அளவில் அது 28 விழுக்காட்டைச் சற்றே தாண்டுகிறது. நாம் பெருமைப்பட வேண்டிய செய்தி இது.

இந்த மாணவர்கள் வணிகவியல் படித்தாலும், கணினி படித்தாலும், தமிழ் இலக்கியம் படித்தாலும் எல்லாரும் எழுதியாக வேண்டிய பாடம் ஒன்று உண்டு. அதுதான் சுற்றுச்சூழல் கல்வி. இருபது ஆண்டுகளுக்கும் மேலாக இப்பாடம் நடத்தப்படுகிறது. ஓசோன் படலம், மழைநீர் சேகரிப்பு, பல்லுயிர்ப் பெருக்கம் என்று எதைக் கேட்டாலும் நம் பிள்ளைகள் விடை சொல்வார்கள். ஆனால் கல்லூரிக் கலைவிழா முடிந்த மறுநாள் காலை அந்த மைதானத்தைப் பாருங்கள். தண்ணீர்ப் புட்டிகளும், குளிர்பானக் குவளைகளும், மீந்துபோன பிரியாணியும் சிதறிக் கிடக்கின்றன. தேர்வில் நூற்றுக்குத் தொண்ணூறு வாங்கிய கைகள் போட்ட குப்பைதான் அது. கற்ற கல்விக்கும் நடக்கும் வாழ்வுக்கும் இடையே இவ்வளவு தூரம் எப்படி வந்தது? பெற்றோராகவும் பங்குச் சமூகமாகவும் நாம் கேட்க வேண்டிய கேள்வி இது.

நீதிமன்றம் கொண்டுவந்த பாடம்

இந்தப் பாடம் கல்வியாளர்களின் விருப்பத்தால் மட்டும் வந்ததல்ல. வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடுத்த பொதுநல வழக்கில் 1991 நவம்பர் 22 அன்று உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு வழங்கியது. சுற்றுச்சூழலைக் காப்பது குடிமக்களின் கடமை என்று அரசியல் சட்டம் சொல்கிறது. கடமை என்னவென்றே தெரியாதவர்களிடம் அதை எப்படி எதிர்பார்ப்பது என்பதே அத்தீர்ப்பின் அடிப்படை. திரையரங்குகளில் சுற்றுச்சூழல் பற்றிய சிலைடுகளை இலவசமாகக் காட்ட வேண்டும், வானொலியும் தொலைக்காட்சியும் இதற்கு நேரம் ஒதுக்க வேண்டும், பள்ளி முதல் கல்லூரி வரை இது கட்டாயப் பாடமாக வேண்டும் என்று நீதிமன்றம் ஆணையிட்டது.

ஆணை நடைமுறைக்கு வர ஆண்டுகள் பல ஆயின. மீண்டும் நீதிமன்றம் வற்புறுத்திய பிறகே, பல்கலைக்கழக மானியக் குழு எல்லாப் பட்டப்படிப்புகளுக்கும் பொதுவான ஆறு மாதப் பாடத்திட்டம் ஒன்றை வகுத்தது. புனேயைச் சேர்ந்த ஈரக் பரூச்சா 2004-ல் அதற்குப் பாடநூல் எழுதிக் கொடுத்தார். புதிய தேசியக் கல்விக் கொள்கையை ஒட்டி 2023-ல் மானியக் குழு மீண்டும் புதிய வழிகாட்டியை வெளியிட்டது. ஆகவே பாடம் இல்லை என்று யாரும் குறை சொல்ல முடியாது. பாடம் இருக்கிறது, நூல் இருக்கிறது, தேர்வும் இருக்கிறது. நடத்தை மாற்றம்தான் இல்லை.

ஐந்து மணி நேரம் எங்கே போயிற்று?

மானியக் குழுவின் அந்த முதல் பாடத்திட்டத்தில் மொத்தம் எட்டு அலகுகள். மொத்த வகுப்பு நேரம் 50 மணி. அதில் 5 மணி நேரம் களப்பணிக்கு என்று தெளிவாக ஒதுக்கப்பட்டிருந்தது. 100 மதிப்பெண்ணில் 25 மதிப்பெண் களப்பணிக்கு உரியது. அருகிலுள்ள ஆறு, காடு, குன்று போன்ற ஓர் இயற்கைச் செல்வத்தைப் பார்த்துப் பதிவு செய்ய வேண்டும். மாசுபட்ட ஓரிடத்துக்கும் போய்வர வேண்டும். தங்கள் பகுதியின் செடிகளையும் பூச்சிகளையும் பறவைகளையும் கவனிக்க வேண்டும். திட்டம் தீட்டியவர்கள் நன்றாகத்தான் தீட்டினார்கள். ஆனால் பல இடங்களில் இந்தக் களப்பணி, இணையத்திலிருந்து எடுத்து ஒட்டிய படங்களுடன் கூடிய ஓர் ஒப்படைப்பாகச் சுருங்கிப் போனது. மூத்த மாணவரிடம் வாங்கி, பெயரை மட்டும் மாற்றிக் கொடுப்பதும் உண்டு.

இதில் வேதனை என்னவென்றால், நம் பகுதி மாணவர்கள் களப்பணிக்காக எங்கும் தேடிப் போக வேண்டியதில்லை. செம்பாக்கம் ஏரி பக்கத்திலேயே இருக்கிறது. சுமார் 100 ஏக்கர் பரப்புள்ள இந்த ஏரி, சுற்றிலும் வீடுகள் பெருகியபோது கழிவுநீர் கலந்து சீரழிந்தது. பின்னர் கேர் எர்த் அறக்கட்டளை, சென்னை ஐ.ஐ.டி. ஆகியவற்றுடன் சேர்ந்து நேச்சர் கன்சர்வன்சி என்ற அமைப்பு இதைச் சீரமைக்கும் பணியை மேற்கொண்டது. செம்பாக்கம் ஏரி நிரம்பினால் அந்த நீர் நன்மங்கலம் ஏரிக்குப் போகும். அங்கிருந்து ஏரி ஏரியாக இறங்கி, கடைசியில் பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தைச் சேரும். ஒரு தட்டு நிரம்பி அடுத்த தட்டில் வழிவது போல, நம் முன்னோர் அமைத்து வைத்த ஏரிச் சங்கிலி இது.

அந்தச் சங்கிலியின் கடைசிக் கண்ணியான பள்ளிக்கரணை ஒரு முழுப் பாடநூலுக்குச் சமம். ஐயாயிரம் எக்டருக்கும் மேல் பரந்து கிடந்த சதுப்பு நிலத்தின் பெரும்பகுதியைச் சாலைகளும், குடியிருப்புகளும், அலுவலகங்களும், பெருங்குடி குப்பைமேடும் விழுங்கிவிட்டன. 2007-ல் 317 எக்டர் காப்புக்காடாக அறிவிக்கப்பட்டது. 2022-ல் இது உலக முக்கியத்துவம் வாய்ந்த ராம்சர் ஈரநிலம் என்ற தகுதியைப் பெற்றது. பூநாரைகளும் கூழைக்கடாக்களும் வந்திறங்கும் நீர்ப்பரப்பு ஒரு பக்கம், மாநகரின் குப்பை மலை மறுபக்கம். இயற்கைச் செல்வம், மாசுபட்ட இடம் என்று பாடத்திட்டம் தனித்தனியாகக் கேட்ட இரண்டும் இங்கே ஒரே பார்வையில் கிடைக்கின்றன. இந்தச் சதுப்பு நிலத்தைப் பல ஆண்டுகள் ஆய்வு செய்து, அதன் மதிப்பை அரசுக்கும் மக்களுக்கும் எடுத்துச் சொன்ன ஜெயஸ்ரீ வெங்கடேசன், 2025-ல் ஈரநிலங்களை அறிவார்ந்த முறையில் பயன்படுத்துவதற்கான ராம்சர் விருதைப் பெற்றார். நம் பக்கத்து நிலத்தைப் படித்தவருக்கு உலக விருது கிடைத்தது. அதே சாலையில் தினமும் பேருந்தில் போகும் நம் மாணவருக்கோ அது துர்நாற்றம் வரும்போது சன்னலை மூட வேண்டிய இடம் மட்டுமே!

2015 டிசம்பர் முதல் நாளில் பெய்த மழையை நம்மில் யாரும் மறந்திருக்க மாட்டோம். 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கின. அடுத்த நான்கே ஆண்டுகளில், 2019 கோடையில், தண்ணீர் லாரிக்காகக் குடங்களோடு வரிசையில் நின்றோம். வெள்ளத்தையும் வறட்சியையும் அடுத்தடுத்து கண்ட ஊரில் வளர்ந்த பிள்ளைகளுக்கு நீரியல் பாடம் அந்நியமாகத் தோன்றுகிறது என்றால், குறை பிள்ளைகளிடம் இல்லை. பாடத்தை ஊரோடு இணைக்கத் தவறிய நம்மிடம்தான் இருக்கிறது.

அறிந்தும் செய்யாதது ஏன்?

1977-ல் திபிலிசி நகரில் யுனெஸ்கோ நடத்திய மாநாடு, சுற்றுச்சூழல் கல்விக்கு ஐந்து நோக்கங்களை வகுத்தது: விழிப்புணர்வு, அறிவு, மனப்பாங்கு, திறன், பங்கேற்பு. நம் கல்லூரிகள் முதல் இரண்டோடு நின்றுவிட்டன என்றால் மிகையாகாது. அறிவைக் கொடுத்தால் மனம் மாறும், மனம் மாறினால் நடத்தை மாறும் என்று ஒரு காலத்தில் அறிஞர்களும் நம்பினார்கள். ஆன்யா கொல்முஸ், ஜூலியன் ஆஜிமன் என்ற இரு ஆய்வாளர்கள் 2002-ல் வெளியிட்ட கட்டுரையில், அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, இந்த நேர்க்கோட்டு நம்பிக்கை பொய்த்துப் போனதைக் காட்டினார்கள். அறிவு தேவைதான். ஆனால் பழக்கம், வசதி, சுற்றியிருப்போரின் போக்கு, செய்தால் பலன் உண்டு என்ற நம்பிக்கை ஆகியவை இல்லாமல் அறிவு மட்டும் கையை அசைக்காது.

சுற்றியிருப்போரின் போக்கு எவ்வளவு வலிமையானது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. அமெரிக்க விடுதி ஒன்றில் தங்குவோர் துண்டைத் தினமும் துவைக்கப் போடாமல் மறுபடியும் பயன்படுத்த வேண்டும் என்று அறைகளில் அட்டை வைத்தார்கள். 2008-ல் வெளியான இந்த ஆய்வில், சுற்றுச்சூழலைக் காப்பாற்றுங்கள் என்று எழுதிய அட்டையைப் பார்த்து 35 விழுக்காட்டினர் இணங்கினர். இங்கே தங்குவோரில் பெரும்பாலோர் அப்படித்தான் செய்கிறார்கள் என்று எழுதியபோது 44 விழுக்காட்டினர் இணங்கினர். இதே அறையில் தங்கியவர்கள் அப்படிச் செய்தார்கள் என்றபோது அது 49 ஆயிற்று. அறிவுரையைவிட அக்கம்பக்கத்தார் செய்கையே அதிகம் பேசுகிறது.

இதை நம் மாணவரின் ஒரு நாளோடு பொருத்திப் பார்ப்போம். காலையில் பிளாஸ்டிக்கின் தீமை பற்றி வகுப்பு. இடைவேளையில் உணவகத்தில் பிளாஸ்டிக் பூசிய காகிதக் குவளையில் தேநீர். மாலையில் கருத்தரங்கு, சிறப்பு விருந்தினரை வரவேற்று ஃபிளெக்ஸ் பதாகை, மேடையில் ஆளுக்கொரு தண்ணீர்ப் புட்டி. தமிழக அரசு 2019 சனவரி முதல் நாளிலிருந்து தடை செய்த 14 பொருள்களில் அந்தக் காகிதக் குவளையும் ஒன்று என்பதை அந்த மாணவர் தேர்வில் எழுதியிருக்கவும் கூடும். ஒரு மணி நேர வகுப்பு ஒன்றைச் சொல்கிறது, வளாகத்தின் மற்ற ஏழு மணி நேரமும் வேறொன்றைச் சொல்கிறது. எது மனதில் பதியும்?

திருத்தந்தை பிரான்சிஸ் 2015-ல் வெளியிட்ட 'இறைவா உமக்கே புகழ்' என்ற சுற்றுமடலின் ஆறாம் அதிகாரம் இந்த நோயைச் சரியாகக் கண்டுபிடித்தது. சுற்றுச்சூழல் கல்வி சில வேளைகளில் தகவல் தருவதோடு நின்றுவிடுகிறது, நல்ல பழக்கங்களை ஊட்டத் தவறுகிறது என்று அவர் சுட்டிக்காட்டினார். விளக்கை அணைப்பது, குப்பையைப் பிரிப்பது, உண்ணும் அளவுக்கே சமைப்பது, தண்ணீரைச் சிக்கனமாகப் பயன்படுத்துவது என்று மிகச் சிறிய செயல்களை ஒரு சுற்றுமடலிலே பட்டியலிட்டார். புனித யாக்கோபின் திருமுகம் (1:23-24) காட்டும் மனிதனும் நினைவுக்கு வருகிறான். கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்துவிட்டு, அப்பால் போனதும் தான் எப்படி இருந்தோம் என்பதையே மறந்துவிடுபவன் அவன். கேட்டும் செய்யாதவனுக்குத் திருத்தூதர் தந்த அந்த உவமை, தேர்வெழுதி மறக்கும் மாணவருக்கும் பொருந்தும். மறையுரை கேட்டு மறக்கும் நமக்கும் பொருந்தும்.

மதிப்பெண் இல்லாத ஒரு வகுப்பு

அப்படியானால் இளையோரின் நடத்தையை மாற்றவே முடியாதா? முடியும் என்பதற்கு நம் சென்னைக் கடற்கரையே சாட்சி. 1988 முதல் ஒரு மாணவர் குழு ஒவ்வோர் ஆண்டும் சனவரி தொடங்கிக் கோடைத் தொடக்கம் வரை, நள்ளிரவில் நீலாங்கரைக்கும் பெசன்ட் நகருக்கும் இடைப்பட்ட மணலில் நடக்கிறது. பங்குனி ஆமைகள் இட்டுச் சென்ற முட்டைகளைத் தேடி எடுத்து, நாய்களும் மனிதர்களும் தீண்டாதபடி பொரிப்பகத்தில் வைத்துக் காத்து, குஞ்சுகளைக் கடலில் விடுகிறார்கள். மாணவர் கடலாமைப் பாதுகாப்பு வலையமைப்பு என்பது அதன் பெயர். இந்த வேலைக்கு மதிப்பெண்ணோ வருகைப்பதிவோ கிடையாது. ஆனாலும் முப்பத்தைந்து ஆண்டுகளுக்கும் மேலாக ஒரு தலைமுறை மாணவர் போக, அடுத்த தலைமுறை வருகிறது.

கட்டாயப் பாடம் செய்ய முடியாததை இந்த இரவு நடை எப்படிச் செய்கிறது? முதலாவது, அது தனியாகச் செய்யும் வேலை அல்ல, நண்பர்களோடு செய்வது. இரண்டாவது, மூத்தவர்கள் இளையவர்களுக்குக் கையைப் பிடித்துக் காட்டுகிறார்கள். மூன்றாவது, மீண்டும் மீண்டும் செய்யப்படுகிறது; அதனால் பழக்கமாகிறது. நான்காவது, பலன் கண்ணுக்குத் தெரிகிறது. உள்ளங்கை அளவுள்ள ஓர் உயிர் அலையை நோக்கி ஓடுவதைப் பார்த்தவர் அதை மறப்பதில்லை.

வளாகமே பாடமாவதற்கும் நம் பக்கத்தில் சான்று உண்டு. சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி 1937-ல் தாம்பரத்துக்கு வந்தபோது, சேலையூர் காட்டுப் பகுதியில் அதற்கு 365 ஏக்கர் நிலம் கிடைத்தது. வேதியியல் பேராசிரியராக இருந்த எட்வர்ட் பார்ன்ஸ் தாவரங்கள் மீது கொண்ட ஆர்வத்தால் அங்கே மரங்களை நட்டு வளர்ப்பதில் பெரும்பங்கு வகித்தார். சுற்றிலும் நகரம் நெருக்கியபோதும் அந்தப் பசுமை நிலைத்திருக்கிறது. ஒரு வேதியியல் ஆசிரியர் தம் பாடத்துக்கு வெளியே காட்டிய அக்கறை, பல தலைமுறை மாணவர்களுக்கு நிழலாயிற்று. சுற்றுச்சூழல் என்பது ஒரு துறையின் பாடமல்ல, நிறுவனத்தின் குணம் என்பதை அது சொல்கிறது.

தனி மனிதரா, அமைப்பா?

இங்கே நியாயமான ஒரு மறுப்பை நாம் கேட்டாக வேண்டும். "நான் ஒரு புட்டியைக் குறைத்தால் என்ன ஆகும்? சதுப்பு நிலத்தை விழுங்கியது நானா?" என்று ஒரு மாணவர் கேட்டால் அதில் உண்மை இருக்கிறது. பள்ளிக்கரணையைச் சுருக்கியது கல்லூரி மாணவர்கள் அல்ல. கடலையும் காற்றையும் ஆராயும் மத்திய அரசு நிறுவனங்களே அந்தச் சதுப்புப் பரப்பில் எழுந்து நிற்கின்றன. அறிவு குறைந்ததால் நடந்த தவறு என்று இதைச் சொல்ல முடியுமா? மிதிவண்டியில் கல்லூரிக்குப் போக விரும்பும் மாணவிக்கு வேளச்சேரி - தாம்பரம் சாலையில் பாதுகாப்பான பாதை எங்கே? குப்பையைப் பிரித்துக் கொடுத்தாலும் வண்டியில் ஒன்றாகக் கொட்டப்பட்டால், அவர் எத்தனை நாள் பிரிப்பார்?

ஆகவே, இளையோரைப் பார்த்து நீங்கள் திருந்துங்கள் என்று மட்டும் சொல்வது நீதியாகாது. ஆனால் அமைப்பு மாறட்டும், பிறகு நான் மாறுகிறேன் என்பதும் சரியாகாது. அமைப்பை மாற்றியவர்கள் எல்லாரும் தங்கள் கையில் இருந்ததிலிருந்துதான் தொடங்கினார்கள். சிட்லப்பாக்கம் ஏரியை நினைத்துப் பாருங்கள். 2019-ன் வறட்சியில் குடியிருப்போர் தாங்களே இறங்கித் தூர்வாரினர். கரையில் கொட்டப்பட்ட குப்பைக்கு எதிராகத் தொடர்ந்து குரல் கொடுத்தனர். அதன் பிறகே அரசு 25 கோடி ரூபாய் ஒதுக்கிச் சீரமைப்பை மேற்கொண்டது. மண்வெட்டியும் மனுவும் சேர்ந்தே அங்கே வேலை செய்தன. மாணவருக்குக் கற்பிக்க வேண்டிய திறன் இதுதான்: தன் வீட்டில் குப்பையைப் பிரிக்கவும் தெரிய வேண்டும், மாநகராட்சியிடம் கணக்குக் கேட்கவும் தெரிய வேண்டும். 2021-ல் உருவான தாம்பரம் மாநகராட்சி எல்லைக்குள்ளேயே அதற்கான வேலை நிறைய இருக்கிறது.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. நாம் பிரிக்காத குப்பையை யாரோ ஒருவர் பிரிக்கிறார். அழுகிய சோறும், உடைந்த கண்ணாடியும், பயன்படுத்திய நாப்கினும் கலந்த பையில் ஒரு தூய்மைப் பணியாளர் கைவிட்டுத் துழாவுகிறார். வீட்டிலேயே குப்பையைப் பிரிக்க வேண்டும் என்று 2016-ன் திடக்கழிவு விதிகள் கட்டளையிட்டதற்கு அந்தக் கைகளும் காரணம். பூமியின் அழுகுரலும் ஏழையின் அழுகுரலும் ஒன்றே என்று திருத்தந்தை பிரான்சிஸ் கற்பித்ததை இங்கே கண்கூடாகக் காணலாம்.

நம் பங்கு எதைக் கற்பிக்கிறது?

கல்லூரியைக் கேள்வி கேட்ட நாம் நம் ஆலய வளாகத்தையும் கேட்டாக வேண்டும். அந்த மாணவர் ஞாயிறன்று வருவது நம்மிடம்தான். திருவிழாக் கொடியேற்றத்துக்கு எத்தனை ஃபிளெக்ஸ் பதாகைகள்? அன்பின் விருந்துக்கு எந்தத் தட்டு? திருப்பலி முடிந்து தரும் தேநீருக்கு எந்தக் குவளை? புதுநன்மை விழாவில் எவ்வளவு உணவு குப்பைக்குப் போகிறது? படைப்பைப் பற்றி அருமையான மறையுரை ஒன்றைக் கேட்டுவிட்டு, வெளியே வந்து தெர்மக்கோல் தட்டில் உண்ணும் இளைஞர் எதைக் கற்றுக்கொள்வார்?

பெரிய திட்டங்கள் வேண்டாம். பங்குப் பேரவையும் இளையோர் இயக்கமும் அமர்ந்து பேசினால் முடிகிற சிலவற்றைச் சிந்திக்கலாம்.

எவர்சில்வர் தட்டும் குவளையும் ஒருமுறை வாங்கிப் பங்கு மன்றத்தில் வைத்தால், எல்லா அன்பியங்களும் தங்கள் நிகழ்ச்சிக்கு எடுத்துப் பயன்படுத்தலாம். கழுவி வைக்கும் முறையை இளையோரும் பெரியோரும் பகிர்ந்துகொள்ள வேண்டும். பெண்கள் மீது மட்டும் அந்தச் சுமையை ஏற்றக் கூடாது. விருந்து பெரிதென்றால் வாழை இலையும் பாக்குமட்டையும் இருக்கவே இருக்கின்றன.

ஆலய வளாகத்து இலைச் சருகையும் பூமாலையையும் எரிக்காமல் மட்கவைக்க ஒரு குழி போதும். அதன் பொறுப்பை மறைக்கல்வி மாணவருக்கும் கல்லூரி மாணவருக்கும் சேர்த்துக் கொடுத்தால், மூத்தவர் இளையவருக்குக் கற்றுத் தருவது தானே நடக்கும்.

கல்லூரி மாணவரின் களப்பணிக்குப் பங்கு துணை நிற்கலாம். அன்பியத்துக்கு அருகிலுள்ள ஏரி, கால்வாய், கிணறு ஆகியவற்றின் நிலையை மழைக்கு முன்பும் பின்பும் பதிவு செய்யும் பணியை அவர்களிடம் ஒப்படைக்கலாம். அந்தப் பதிவே கல்லூரிக்கு ஒப்படைப்பாகும், மாநகராட்சிக்கு மனுவாகும். 1924-ல் தொடங்கிய ஐக்கஃப் போன்ற கத்தோலிக்க மாணவர் இயக்கங்கள் இதைக் கையில் எடுத்தால் சாதி, சமயம் கடந்து எல்லா மாணவரும் இணைவர்.

செப்டம்பர் முதல் நாளில் தொடங்கி, அசிசி நகர்ப் புனித பிரான்சிஸ் திருநாளான அக்டோபர் 4 வரை திருச்சபை படைப்பின் காலத்தைக் கொண்டாடுகிறது. நம் பகுதியில் அது வடகிழக்குப் பருவமழைக்குச் சற்று முந்திய காலம். ஏரிக் கால்வாய்களின் அடைப்பை நீக்கக் கேட்டு மனுக் கொடுக்கவும், வீட்டு மழைநீர்த் தொட்டியைச் சுத்தம் செய்யவும் இதைவிட ஏற்ற நேரம் வேறில்லை.

தோட்டத்தைப் பண்படுத்தவும் பாதுகாக்கவும் மனிதரை ஆண்டவர் அங்கே வைத்தார் என்கிறது தொடக்கநூல் (2:15). ஆண்டவர் அவர்களிடம் தந்தது ஒரு வேலை. ராஜகீழ்ப்பாக்கத்தில், சேலையூரில், செம்பாக்கத்தில் நமக்குக் கிடைத்த தோட்டம், பாதி கழிவுநீர் கலந்த ஏரிகளும் வெயில் வாட்டும் தெருக்களும்தான். அதுவும் தோட்டமே. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது உண்மை. ஆனால் ஏட்டில் இருக்கும் விதையை எடுத்து மண்ணில் ஊன்றினால் கொடி படரும். விதை நம் பிள்ளைகளிடம் இருக்கிறது. மண்ணைக் கொடுப்பது நம் கடமை. வரும் திருவிழா விருந்துக்கு எந்தத் தட்டு என்பதை இந்த ஞாயிறே நம் இளையோரைக் கூப்பிட்டுக் கேட்போமா?